மலையகத் தோட்டப் பாட்டு

இலங்கையின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் இந்திய வம்சாவளித் தமிழ்த் தொழிலாளரிடையே வழங்கிவரும் வாய்மொழிப் பாட்டையும், அதிலிருந்து கிளைத்த அரசியல் மேடைப் பாட்டையும் மலையகத் தோட்டப் பாட்டு எனலாம். அண்மைக் காலத்தில் ‘ராப்’ என்றும் ‘சொல்லிசை’ என்றும் வழங்கும் தமிழ்ப் பாட்டு முறையும் இதனுடன் உறவு கொண்டாடுகிறது. பாடியவர் போன பின்பும் பாட்டு இன்னொருவர் வாயில் நடமாடுவது இம்மரபின் இயல்பு. அரசியல் பாட்டை அச்சில் ஏற்றித் தொழிலாளர் கையில் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் மீனாட்சியம்மாள் நடேசய்யர்.

இதன் வேர் கோப்பிக் காலத்தில் இருக்கிறது. 1820களில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை நோக்கிக் காட்டு வழியே நடந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்கள் ஏராளம். 1869இல் கண்ட இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. புகையிரதப் பாதை 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் எட்டியது. அப்புத்தளை, ஹல்துமுல்லை, கொஸ்லந்தைப் பக்கத்து மலைச்சரிவுகளில் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் நிறைந்தன. புதுக்கோட்டையிலும் திருச்சியிலும் சேலத்திலும் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் இந்த லயங்களில் புதுச் சொற்களை ஏற்றன. கங்காணி, துரை, கணக்கப்பிள்ளை, பிரட்டு, அரைப்பேர் எல்லாம் பாட்டுக்குள் வந்தன.

அரைப்பேர் என்ன என்பதைத் தெரிந்துகொண்டால் இப்பாட்டின் கோபம் விளங்கும். கொழுந்தின் நிறை குறைந்தால், நாள் முழுக்க மலையில் நின்றவருக்கும் அரை நாள் கூலியே பதியப்படும். அட்டைக்கடியும் மழையும் கணக்கில் வராது. இதைத் துரையிடம் சொல்ல முடியாது. கங்காணியிடம் சொன்னால் இன்னும் மோசம். பாட்டில் சொல்லலாம். கொழுந்து பறிக்கும் நிரையில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க, அடுத்த நிரை வாங்கிப் பாடும். கங்காணியின் பெயரை மாற்றிவிட்டால் அதே பாட்டு அடுத்த தோட்டத்துக்கும் பொருந்தும். இயற்றியவர் யார் என்று எவரும் கேட்டதில்லை. அதிகாலையில் பிரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு எழுப்பிய தப்புப் பறையே மாசி மாதக் காமன் கூத்துக்கும் சாவு வீட்டுக்கும் அடிக்கப்பட்டது. ஆட்டிவைத்த வாத்தியமும் ஆடவைத்த வாத்தியமும் ஒன்றாக இருந்தது ஒரு விசித்திரம்.

அன்று தோட்டம் தனியார் நிலம். வெளியாள் உள்ளே கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. தஞ்சாவூர்ப் பகுதியில் பிறந்து இலங்கைக்கு வந்த பத்திரிகையாளர் கோ. நடேசய்யர் (1887–1947) புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் நுழைந்து நிலைமையை நேரில் அறிந்தார் என்பது மலையக வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ இதழ்களை நடத்திய அவர், 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்கான சம்மேளனத்தை நிறுவினார். 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையில் அட்டன் உறுப்பினராக இருந்தார். அவருடைய மனைவிதான் மீனாட்சியம்மாள். கணவரின் நிழல் என்று இவரை ஒதுக்கிவிடுவது எளிது. பலர் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் கூட்டத்தைக் கூட்டியது பெரும்பாலும் இவருடைய குரல். கடைவீதியிலோ தெருவோரத்திலோ பேச்சு தொடங்குமுன் இவர் பாடுவார். பாரதியின் பாட்டும் வரும், சொந்தப் பாட்டும் வரும். எழுத்தறியாத தொழிலாளருக்கு இரண்டு மணி நேரச் சொற்பொழிவு செய்ய முடியாததை நான்கு அடிப் பாட்டு செய்தது.

அந்தக் காலத்தில் ஒரு பெண் பொதுமேடையில் நின்று அரசியல் பாடுவதே பெரிய விஷயம். அதுவும் துரைமாரின் ஆட்கள் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது!

1939இல் இலங்கை அரசாங்கம் தன்னிடம் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியர்களை நீக்க முற்பட்டது. அந்த ஆண்டு யூலையில் நேரு இலங்கைக்கு வந்தார். இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியது. மறு ஆண்டு மலைநாடு கொதித்தது. 1940 யனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் குண்டுக்குப் பலியானார். மே மாதம் ஊவா மாகாணத்தில் பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் வெடித்தது. இந்தச் சூழலில்தான் மீனாட்சியம்மாளின் பாடல்கள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற சிறு நூலாக 1940இல் வந்தன. மக்கள் ஏற்கெனவே அறிந்த மெட்டுகளில் அமைந்த பாட்டுகள் அவை. மெட்டைக் கற்றுக்கொள்ளும் சிரமம் இல்லாததால், கேட்டவர் அன்றிரவே லயத்தில் பாடலாம். இன்றைய ராப் கலைஞர் பழைய பாட்டின் தாளத் துண்டை எடுத்து அதன்மேல் தன் சொல்லை ஏற்றுவதும் அடிப்படையில் இதே வேலைதான்.

1947 தேர்தலில் நடேசய்யர் தோற்றார். அதே ஆண்டு நவம்பர் 7ஆம் திகதி காலமானார். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்து தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரின் கதி பின்னைய பேச்சுக்கு விடப்பட்டது. கப்பலேறியவர்கள் கூடலூர் உள்ளிட்ட நீலகிரிப் பகுதிகளிலும் வேறு பல ஊர்களிலும் குடியேறினார்கள். பாட்டும் அவர்களோடு போனது.

போனதையும் இருந்ததையும் ஏட்டில் பிடித்தவர்களில் இருவரைச் சொல்லியாக வேண்டும். பூண்டுலோயா மடக்கும்பரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தோட்டந்தோறும் கேட்டவற்றை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற தொகுப்பாக 1983இல் தந்தார். சாரல்நாடன் நடேசய்யரின் வரலாற்றை எழுதி, மீனாட்சியம்மாளின் பாடல்களைப் புதிய தலைமுறையின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அரை நூற்றாண்டு இடைவெளிக்குப் பிறகு அந்தச் சிறு நூல் பேசப்பட்டதற்கு அவருடைய தேடல் முக்கிய காரணம்.

ராப் இசையின் பிறந்தநாளாக 1973 ஓகஸ்ட் 11ஐச் சொல்வார்கள். இடம் நியூயோர்க்கின் புரொங்ஸ். ராப் உலகில் மறைந்த பாடகர் வாழும் முறை வேறு. 1996இல் சுட்டுக்கொல்லப்பட்ட டூபாக் ஷகூர் ஒலிப்பதிவறையில் விட்டுச்சென்ற குரல், அவர் இறந்த பிறகும் பல இசைத்தட்டுகளாக வந்தது. அவருடைய ரசிகர்கள் அவரையே கேட்கிறார்கள். மீனாட்சியம்மாளின் வழியில் கேட்பவரே பாடகர் ஆகிறார். எது நீடிக்கும் என்று கேட்டால், குரல் பழசாகலாம், வாய் மாறும் பாட்டு பழசாவதில்லை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

தமிழ் ராப் பரவலாக அறியப்பட்டது மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ (2006) இசைத்தொகுப்பால். மலேசியாவும் தோட்டத் தொழிலாளர் வழிவந்த தமிழர் நிறைந்த ஒரு நாடு என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியால் 2018இல் அரங்கேறிய ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவிலிருந்து வந்தவர் அரக்கோணத்து அறிவு. 2021 மார்ச்சில் பாடகி தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’க்கு ஊற்று, அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இந்தியா திரும்பியவர் அவர். ஒப்பாரியின் இழுப்பும் தப்பின் அடியும் ராப்பின் ஓட்டமும் அப்பாட்டில் ஒன்றாகின்றன. கோடிக்கணக்கானோர் கேட்டு ஆடினார்கள். அது ஒப்பந்தத்தின் பேரில் கப்பலேற்றப்பட்டவர்களின் பாட்டு என்று தெரிந்து ஆடியவர்கள் அவர்களில் ஒரு பகுதியினரே. அதே ஆண்டு ஓர் இசை இதழின் அட்டையில் அறிவின் படம் விடுபட்டபோது பெரும் சர்ச்சை எழுந்தது. இயற்றியவர் பெயரைக் கேட்காத மரபிலிருந்து வந்த பாட்டுக்கு, இயற்றியவர் பெயரைக் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. அந்தக் கேள்வி நியாயமானது. நிரையில் பாடியவள் பெயர் தொலைந்ததால் யாருக்கும் பணம் கிடைக்கவில்லை. இப்போது பாட்டு பணம் ஈட்டுகிறது, பங்கு கேட்பது உரிமை.

ஊவாவில் நிலைமை அவ்வளவு உற்சாகமாக இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி ஹல்துமுல்லைப் பிரிவின் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியது. வாய்மொழி மரபில் ஒரு லயம் அழிந்தால், அதன் மூத்தவர்கள் அறிந்த பாட்டும் கதையும் சேர்ந்தே அழிகின்றன. இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட, கொழுந்து நிரையில் பாட்டைக் கைமாற்ற ஆள் குறைந்துவிட்டது. மறுபுறம், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு நிறைவையொட்டி 2023 யூலை கடைசியிலும் ஓகஸ்டிலும் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தே போனார்கள், மூதாதையர் நடந்த அதே திசையில்.

தமிழ் ராப்பின் வரலாற்றைப் பொதுவாக 2006இல் தொடங்குகிறார்கள். அறிந்த மெட்டில் அரசியலை ஏற்றிக் கூட்டத்தின் நடுவே பாடிய மீனாட்சியம்மாளின் 1940ஆம் ஆண்டுச் சிறு நூலைச் சேர்க்காமல் அந்த வரலாறு முழுமையடையாது.