வீட்டுக் கிறிஸ்துமஸ்: திண்டுக்கல் சமவெளி

திண்டுக்கல் மாவட்டத்துச் சமவெளியில் வாழும் கிறிஸ்தவக் குடும்பங்கள், சிறப்பாகக் கத்தோலிக்கர், டிசம்பர் தொடக்கம் முதல் ஜனவரி 6 வரை வீட்டிலும் தெருவிலும் கடைப்பிடிக்கும் பண்டிகை வழக்கங்கள் இக்கட்டுரையின் பொருள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் கிறிஸ்தவர் 6.12 விழுக்காடு, திண்டுக்கல் மாவட்டத்தில் அந்தப் பங்கு சற்றே கூடுதல். நகரை ஒட்டிய முத்தழகுப்பட்டி, கிழக்கே கொசவபட்டி, தெற்கே பஞ்சம்பட்டி, வெள்ளோடு போன்ற ஊர்களில் கோயில் என்றாலே மாதா கோயிலோ புனிதர் கோயிலோதான்.  

இப்பகுதியில் பண்டிகை வீட்டைச் சுற்றியே வளர்ந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1606இல் இயேசு சபைத் துறவி ராபர்ட்டோ தெ நொபிலி மதுரைக்கு வந்தது முதல், இந்தச் சீமை மதுரை மறைபரப்புத் தளத்தின் கீழ் இருந்தது. 1759இல் போர்ச்சுகல் இயேசு சபையாரை வெளியேற்றியது. 1773இல் திருத்தந்தை அச்சபையையே கலைத்தார். பிரெஞ்சு இயேசு சபையினர் 1838இல் மீண்டும் வேலையைத் தொடங்கும்வரை குருக்களுக்குக் கடும் பஞ்சம். சாமியார் எப்போது வருவார் என்று தெரியாத ஊர்களில் செபமும் நோன்பும் உபதேசியார் வாயிலாகவும் வீட்டுப் பெரியவர்கள் வாயிலாகவுமே நிலைத்தன. கல்லும் சுண்ணாம்புமாகத் திண்டுக்கல் புனித சூசையப்பர் கோயில் எழுந்தது 1866க்கும் 1872க்கும் இடையில்தான். அதற்கு வெகு முன்பே வீடு கோயிலாக இயங்கிப் பழகியிருந்தது.

கிறிஸ்துமசுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளில் கோயிலில் மெழுகுவத்தி ஒவ்வொன்றாக ஏறும். வீட்டில் முதலில் ஏறுவது ஸ்டார். மூங்கில் குச்சியை வளைத்துக் கட்டி வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே பல்பு தொங்கவிட்ட காலம் போய், இன்று கடையில் வாங்கிய மடிப்பு ஸ்டாரும் எல்இடி சரமும் தொங்குகின்றன. ஆனால் குடில் கட்டும் வேலையைக் கடை இன்னும் முழுதாகப் பறிக்கவில்லை. வைக்கோல் கூரை, கசக்கிச் சாயம் பூசிய தாளால் மலை, கண்ணாடித் துண்டில் குளம் என்று பிள்ளைகள் இரண்டு மூன்று நாள் அதிலேயே கிடப்பார்கள். சில வீடுகளில் தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகோ நெல்லோ விதைத்து, பண்டிகைக்குள் பச்சைப் புல்லாக வளர்த்துக் குடிலின் முன் வைப்பதுண்டு. பக்கத்துத் தெரு அம்மன் கோயில் முளைப்பாரியைப் பார்த்த கண்ணுக்கு இது புதிதல்ல. மாதா, சூசையப்பர், இடையர், ஆடுமாடு என எல்லாச் சுரூபமும் முன்கூட்டியே இடம் பிடித்துவிடும். பாலன் சுரூபத்தை மட்டும் நள்ளிரவுப் பூசை முடிந்து வந்த பிறகே முன்னிட்டியில் கிடத்துவார்கள்.

குடிலின் தொடக்கம் 1223இல், இத்தாலியின் கிரெச்சோ ஊரில். அசிசி பிரான்சிஸ் அங்கே அமைத்ததில் பொம்மை கிடையாது. உண்மையான வைக்கோல், உண்மையான மாடு, கழுதை. தொழுவம் வீட்டோடு ஒட்டியிருக்கும் ஊர்க்காரர்களுக்கு அந்தக் காட்சியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. குடிலில் நிற்கும் சூசையப்பருக்குத் தமிழில் காப்பியமே உண்டு: அவரை ‘வளன்’ எனப் பெயரிட்டு, அவரையே காப்பியத் தலைவராக்கி வீரமாமுனிவர் 1726இல் 3,615 பாடல்களில் ‘தேம்பாவணி’யை முடித்தார். தச்சு வேலை பார்த்த ஒரு குடும்பத் தலைவரைக் காப்பிய நாயகனாக ஏற்ற மொழியில், குடும்பமே பண்டிகையின் நடுவில் இருப்பது இயல்பு.

பண்டிகையின் இன்னொரு பாதி அடுப்படியில். முறுக்கு, அதிரசம், அச்சு முறுக்கு, சீடை ஆகியவை டிசம்பர் மூன்றாம் வாரத்தில் டின்களில் நிறையும். தீபாவளிக்கு இந்து வீட்டிலிருந்து தட்டு வந்திருக்கும். அந்தத் தட்டு கிறிஸ்துமசுக்கு வெறுமையாகத் திரும்பாது. பண்டிகையன்று மதியம் சீரகச் சம்பா பிரியாணி. சேர்ந்து சமைத்துச் சேர்ந்து உண்பதில் இவ்வட்டாரத்துக்கு நீண்ட பழக்கம்: முத்தழகுப்பட்டி செபஸ்தியார் திருவிழாவில் நேர்ச்சையாக வந்த ஆடும் கோழியும் ஊருக்கே அன்னதானமாகின்றன.

இந்த வீட்டு வழக்கங்களுக்கு நிறுவன வடிவம் கொடுத்தது அன்பியம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் குடும்பத்தை வீட்டுத் திருச்சபை என்றது. இலத்தீன் அமெரிக்காவில் எளிய மக்களின் அடித்தளச் சமூகங்கள் கிளைத்தன. 1990இல் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் கூடிய ஆசிய ஆயர்கள், சிறு சமூகங்களின் கூட்டுறவாகத் திருச்சபை அமைய வேண்டும் என்றனர். தமிழகப் பங்குகளில் அதன் வடிவம்தான் அருகருகே வாழும் குடும்பங்கள் முறைவைத்து ஒருவர் வீட்டில் கூடும் அன்பியம். பாய் விரித்து உட்கார்ந்து, நற்செய்தியின் ஒரு பகுதியை வாசித்து, மனத்தில் பட்ட சொல்லை ஒவ்வொருவரும் சொல்லி, கடைசியில் தெருவில் யாருக்கு என்ன உதவி தேவை என்று பேசுவார்கள். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனம் வகுத்த ஏழு படி முறை இதற்கு அடிப்படை. 2003 நவம்பர் 10 அன்று திருச்சியிலிருந்து பிரிந்து உருவான திண்டுக்கல் மறைமாவட்டத்துக்கும் அன்பியம் பொதுவானதே. டிசம்பரில் குடில் போட்டி, பாட்டுப் போட்டி, நோயாளி வீட்டுச் சந்திப்பு எல்லாம் இந்தக் குழுக்களின் பொறுப்பு. சாமியார் ஒருவரே பல கிளை ஊர்களில் அடுத்தடுத்துப் பூசை வைக்கும் இரவில், முன்னேற்பாட்டைச் செய்து முடிப்பது பெரும்பாலும் பெண்கள்.

குறையும் உண்டு, அதை மறைப்பதில் பயனில்லை. தெருக்கள் சாதியால் பிரிந்த ஊரில், தெருவாரியாக அமைந்த அன்பியம் அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை. பாய் விரிப்பது எளிது, அடுத்த தெருவுக்குப் போய் அந்தப் பாயில் உட்காருவதுதான் சோதனை. பண்டிகைப் பலகாரம் மதம் தாண்டிப் போகும் வேகத்தில் சாதி தாண்டிப் போவதில்லை.

சீர்திருத்த சபையினரின் மரபு சற்றே வேறு. அமெரிக்க மதுரை மிஷன் 1835இல் திண்டுக்கல்லில் காலூன்றியது. அதன் சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தன. இவர்களிடம் சுரூபமும் குடிலும் பின்தங்கி, வீட்டுக் கூட்டமும் கேரல் ரவுண்ட்சும் முன்னிற்கின்றன. டோலக், கிட்டார், முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா சகிதம் குழு வாசலில் வந்து பாடும். வீட்டுக்காரர் செபம் கேட்டு, டீயும் காணிக்கையும் கொடுத்து அனுப்புவார். நள்ளிரவு தாண்டியும் கதவு திறந்திருக்கும். இன்று கத்தோலிக்க அன்பியங்களும் இதே ரவுண்ட்சைத் தமதாக்கிக்கொண்டன.

ஜனவரி 6, மூன்று ராசாக்கள் திருநாளோடு ஸ்டாரும் குடிலும் இறங்கும். சுரூபங்கள் பழைய செய்தித்தாளில் சுற்றப்பட்டுப் பரணுக்குப் போகும். பத்து நாளுக்குள் பொங்கல் வந்துவிடும். கொசவபட்டி அந்தோணியார் திருவிழாவை ஒட்டிய ஜல்லிக்கட்டுக்கு மாடுகள் தயாராகும்.