மிட்டாய்த் தெருவில் ஒரு நாற்காலி

கோழிக்கோடு நகரின் நடுவே மானாஞ்சிறைக் குளம் இருக்கிறது. சாமூதிரி மன்னர் மானவிக்ரமன் பெயரால் வந்த குளம். அந்தக் குளத்தின் ஓரத்தில் தொடங்கி, ரயில் நிலையம் இருக்கும் திசையில் நீள்கிறது மிட்டாய்த் தெரு. நிதானமாக நடந்தால்கூடக் கால்மணி நேரத்தில் மறுமுனைக்கு வந்துவிடலாம். ஆனால் நிதானமாக நடக்க விடாத தெரு அது. இருபுறமும் துணிக்கடைகள், செருப்புக் கடைகள், நேந்திரங்காய் வறுவல் பொரியும் தேங்காய் எண்ணெய் வாசனை, கறுப்பும் சிவப்பும் பச்சையுமாகக் கட்டி கட்டியாக அடுக்கிய அல்வா. எந்தக் கடையைத் தாண்டினாலும் யாராவது உள்ளே வரச்சொல்லிக் கூப்பிடுவார்கள்.

கடைப் பலகைகளில் இந்தத் தெருவுக்கு எஸ்.எம். ஸ்ட்ரீட் என்று பெயர். ‘ஸ்வீட்மீட் ஸ்ட்ரீட்’ என்பதன் சுருக்கம். சதை போலத் துண்டு போட வரும் அல்வாவைப் பார்த்த வெள்ளைக்காரர்கள் அதை ‘இனிப்பு இறைச்சி’ என்று நினைத்து வைத்த பெயர் என ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கதை சுவையானதுதான். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இனிப்புப் பண்டம் என்றே பொருள்; இறைச்சிக்கு அதில் வேலை இல்லை. அல்வா செய்யத் தெரிந்தவர்களைச் சாமூதிரிகள் குஜராத்திலிருந்து வரவழைத்துக் குடியமர்த்தினார்கள் என்பதும் வாய்வழி வரலாறு. பெயர் எப்படி வந்திருந்தாலும், கடல் வழியே வந்தவர்களுக்கு இடம் கொடுத்த ஊர் இது என்பதில் ஐயமில்லை. பதினான்காம் நூற்றாண்டில் இங்கே வந்த இபின் பதூதா துறைமுகத்தில் சீனக் கப்பல்களைப் பார்த்து எழுதிவைத்தார். 1498இல் வாஸ்கோ ட காமா வந்தார். குஜராத்திகள், அரபிகள், பார்சிகள் என்று பலரும் தொழில் செய்ய வந்து தங்கினார்கள். மிட்டாய்த் தெருவின் கடைகளுக்கு நடுவே பார்சிகளின் வழிபாட்டிடமும் இடுகாடும் இன்றும் இருக்கின்றன. சற்றுத் தள்ளி மொய்தீன் பள்ளி. இன்னொரு பக்கம் ராதா திரையரங்கம். 1888இல் ரயில் வந்து சேர்ந்த பிறகு, நிலையத்திலிருந்து இறங்கி ஊருக்குள் நடப்பவர்களின் பாதையாகவும் ஆனது இந்தத் தெரு.

தெருவின் மானாஞ்சிறை முனையில் எஸ்.கே. பொற்றெக்காட்டின் சிலை நிற்கிறது. மலையாளத்தின் பெரிய நாவலாசிரியர். 1980ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது பெற்றவர். 1960இல் வெளிவந்த அவருடைய ‘ஒரு தெருவின்டெ கத’ இந்தத் தெருவைத்தான் எழுதியது. பத்திரிகை விற்பவர், சுமை தூக்குபவர், பிச்சைக்காரர், பைத்தியக்காரர் எனத் தெருவில் கிடந்த மனிதர்களையே கதை மாந்தராக்கினார். ஒரு தெருவுக்கு அதன் கடைசி மனிதர்கள் வழியே வரலாறு எழுதலாம் என்று காட்டியது அந்த நாவல். அந்தத் துணிவை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு, அவர் காலத்தில் தெருவில் இல்லாத ஒருத்தியைப் பற்றி இங்கே எழுத வேண்டியிருக்கிறது. அவள் கடைப்பெண். காலையில் ஷட்டர் தூக்கும்போது வந்து, இரவு ஷட்டர் இறக்கும்வரை நிற்பவள்.

அவள் விற்பது பெரும்பாலும் துணி. துணிக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. கோழிக்கோட்டின் ஆங்கிலப் பெயரான காலிகட் என்பதிலிருந்துதான் ‘காலிகோ’ என்ற பருத்தித் துணியின் பெயரே வந்தது. இந்தியப் பருத்தி ஐரோப்பியச் சந்தையைப் பிடித்தபோது இங்கிலாந்து நெசவாளர்களின் பிழைப்பு போனது. 1719இல் லண்டன் தெருக்களில் அவர்கள் கோபத்தைக் காட்டியது யார்மேல் தெரியுமா? காலிகோ உடுத்திப் போன பெண்கள்மேல். துணியைக் கொண்டுவந்து லாபம் பார்த்த கம்பெனிக்காரர்கள் பத்திரமாக இருந்தார்கள்; உடுத்தியவளின் உடை நடுத்தெருவில் கிழிக்கப்பட்டது. 1721இல் காலிகோவுக்குத் தடைச் சட்டமும் வந்தது. வணிகத்தின் சண்டை கடைசியில் பெண்ணின் உடம்பில் வந்து முடிவது புதிதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மிட்டாய்த் தெருவின் கடைகளிலும் அது உடம்பில்தான் முடிந்தது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. சுவரில் சாயக் கூடாது. பக்கத்தில் நிற்பவளோடு பேசக் கூடாது. உட்கார்ந்திருக்கும் விற்பனைப் பெண் சோம்பேறியாகத் தெரிவாள், கடைக்கு அழகில்லை என்பது முதலாளிகளின் கணக்கு. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்கள் வீங்கின, நரம்பு சுருட்டிக்கொண்டது, இடுப்பு விட்டுப்போனது. இதைவிடக் கொடுமை, பல கடைகளில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. ஆண்கள் எங்காவது ஒதுங்கிக்கொண்டார்கள். பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். முடியாத நாளில் பக்கத்து ஓட்டலுக்குப் போய், வேண்டாத டீக்குக் காசு கொடுத்து, அங்குள்ள கழிப்பறைக்குப் போனார்கள். மாதவிலக்கு நாட்களில் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிறுநீரை அடக்கி அடக்கித் தொற்று வந்தவர்கள் அதை வேலையோடு வந்த நோய் என்று நினைக்கவில்லை. தன் உடம்பின் குறை என்றே நினைத்தார்கள்.

இந்தத் தெருவில் தையல் வேலைக்கு வந்தவர் விஜி. பதின்ம வயதிலேயே வேலைக்கு வந்துவிட்டவர். நக்சல்பாரி இயக்கத்திலிருந்து வந்த அஜிதா, 1993இல் ‘அன்வேஷி’ என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கிய ஊர் கோழிக்கோடு. பெண்கள் கூடிப் பேசுவதற்கு அங்கே ஏற்கெனவே ஒரு மரபு இருந்தது. விஜியும் தோழியரும் 2009இல் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இந்தப் பெயருக்குத் தமிழில் உரை தேவையில்லை. பெரிய தொழிற்சங்கங்கள் அப்போதும் இருந்தன. கேரளத்தில் சங்கங்களுக்கா பஞ்சம்? ஆனால் கடைப்பெண்கள் அவற்றின் கண்ணில் படவில்லை. பட்டபோதும், சிறுநீர் கழிப்பது ஒரு தொழிற்சங்கக் கோரிக்கையா என்ற சிரிப்புதான் கிடைத்தது.

பெண்கூட்டு முதலில் எடுத்துக்கொண்டது அந்தக் கோரிக்கையைத்தான். கூலி உயர்வைக் கேட்பதற்குக் கூச்சம் தேவையில்லை. ‘எனக்கு மூத்திரம் போக இடம் வேண்டும்’ என்று ஒரு பெண் நடுத்தெருவில் நின்று சொல்வதற்கு, பிறந்ததிலிருந்து கற்றுக்கொடுக்கப்பட்ட அத்தனையையும் மீற வேண்டும். அப்படி மீறினார்கள். மாவட்ட நிர்வாகமும் மாநகராட்சியும் காதுகொடுக்க வேண்டியதாயிற்று. அடுத்து வந்தது உட்காரும் உரிமைக்கான போராட்டம். மலையாளத்தில் அதற்கு ‘இரிக்கல் சமரம்’ என்று பெயர். நாற்காலிகளைத் தலையில் சுமந்துகொண்டு பெண்கள் ஊர்வலம் போனார்கள். துணி மூட்டையையும் அட்டைப் பெட்டிகளையும் தலைச்சுமையாகப் பார்த்துப் பழகிய ஊர், உட்காரக் கிடைக்காத நாற்காலி தலைமேல் போவதைப் பார்த்தது. 2014இன் இறுதியில் திருச்சூரில் துணிக்கடைப் பெண்கள் சிலர், உட்காரும் உரிமையைக் கேட்டதற்காக இடமாற்றம் செய்யப்பட்டபோது, கடை வாசலிலேயே நூறு நாட்களுக்கு மேல் போராட்டம் இருந்தார்கள். அதற்கும் பெண்கூட்டு துணை நின்றது.

‘இரிக்கல்’ என்ற சொல்லில் தமிழ் படித்தவர்களுக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது. மலையாளத்தில் அது உட்காருவது. நம் பழந்தமிழிலும் இருத்தல் என்பதற்கு அந்தப் பொருள் உண்டு. பெருமாளின் கோலங்களை நின்ற, இருந்த, கிடந்த என்று பிரிக்கும்போது நடுவில் வருவது அமர்ந்த கோலம்தான். அதே இருத்தல் முல்லைத் திணையின் உரிப்பொருளாகும்போது, போனவன் வரும்வரை வீட்டில் ஆற்றியிருக்கும் பெண்ணின் கடமையாகிவிடுகிறது. வீட்டுக்குள் அவள் இருக்க வேண்டும். அதைக் கற்பு என்றார்கள். வீட்டைவிட்டு வேலைக்கு வந்தாளானால் அவள் இருக்கக் கூடாது; அதை ஒழுங்கு என்கிறார்கள். இரண்டு இடத்திலும் அவள் எப்போது இருக்கலாம், எப்போது எழ வேண்டும் என்று முடிவு செய்வது வேறு யாரோ. உயிரோடு இருப்பதும், உட்கார்ந்திருப்பதும், ஓரிடத்தில் தனக்கு உரிமை இருப்பதும் ஒரே வினையடியிலிருந்து பிறக்கும் மொழியில், ஒரு ஸ்டூலுக்கான போராட்டத்தைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது.

2018இல் கேரள அரசு தன் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும், வேலைக்கு இடையே கிடைக்கும் நேரத்தில் அவர்கள் உட்காரலாம் என்பது சட்டமானது. இரவு 9 மணிக்குமேல் பெண்களை வேலைக்கு வைப்பதானால் அவர்களுடைய சம்மதம் வேண்டும். குறைந்தது ஐந்து பேர் கொண்ட குழுவில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும். வீடு திரும்ப வாகன வசதி வேண்டும் என்ற விதிகளும் சேர்ந்தன. அந்த ஆண்டின் பிபிசி நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயர் இடம்பெற்றது.

கடையில் நிற்கும் பெண்ணுக்கு இருக்கை வேண்டும் என்ற எண்ணம் ஒன்றும் புதியதில்லை. பிரிட்டனில் 1899இலேயே சட்டம் வந்துவிட்டது. மூன்று பெண் ஊழியர்களுக்கு ஓர் இருக்கையாவது போட வேண்டும் என்றது அது. அப்போது மலபாரையும் சென்னையையும் ஆண்டுகொண்டிருந்தது அதே அரசுதான். அந்த நாற்காலி மட்டும் கப்பலேறி இங்கே வரவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மலபார் 1956 வரை சென்னை மாநிலத்தோடு இருந்தது. 1947ஆம் ஆண்டின் சென்னைக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம்தான் அன்றைக்கு மிட்டாய்த் தெருவின் கடைகளுக்கும் சட்டம். கேரளம் 1960இல் தனக்கென்று ஒரு சட்டம் இயற்றிக்கொண்டது. நாம் பழைய சட்டத்தையே வைத்துக்கொண்டோம். 2021 செப்டம்பரில் அந்த 1947 சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, தமிழ்நாட்டுக் கடை ஊழியர்களுக்கும் உட்காரும் உரிமை கிடைத்தது. ஒரு காலத்தில் சென்னையிலிருந்து மிட்டாய்த் தெருவுக்குச் சட்டம் போனது. எழுபது ஆண்டுகள் கழித்து மிட்டாய்த் தெருவின் பெண்கள் அந்தச் சட்டத்துக்கு ஒரு திருத்தத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்று நான் இதைப் படிக்கிறேன். ஆண் ஊழியர்களுக்கும் சேர்த்தே அந்த உரிமை கிடைத்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

2010இல் வந்த வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’, தி.நகர் ரங்கநாதன் தெருவின் கடைப் பிள்ளைகளைத் திரையில் காட்டியது. படம் பார்த்து அழுதோம். அழுதுவிட்டு அடுத்த வாரம் அதே தெருவுக்குத் துணி எடுக்கப் போனோம். ஒருவரும் அந்தப் பெண்களுக்கு நாற்காலி எங்கே என்று கேட்கவில்லை. என் மாணவிகளில் சிலர் ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் துணிக்கடைகளில் தினக்கூலிக்கு நிற்கிறார்கள். சட்டம் வந்தபின் ஸ்டூல் போட்டிருக்கிறார்களா என்று கேட்டேன். “போட்டிருக்காங்க மேம், உட்கார்ந்தா கேமராவுல பார்த்துட்டு ஃபோன் வரும்” என்றாள் ஒருத்தி. சட்டத்தில் நாற்காலி இருக்கிறது, கடையிலும் நாற்காலி இருக்கிறது, நடுவில் கண் ஒன்று இருக்கிறது. பெண்கூட்டு போல ஓர் அமைப்பு ஏன் தேவை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். தனியாக உட்காருகிறவளுக்குத்தான் ஃபோன் வரும்.

மிட்டாய்த் தெருவுக்குத் தீ விபத்துகளின் வரலாறும் உண்டு. 2007 ஏப்ரலில் பட்டாசுக் கடையில் பிடித்த தீ எட்டு உயிர்களைக் கொண்டுபோனது. ஒவ்வொரு முறையும் தெரு மறுபடி எழுந்து கடை விரித்தது. 2017 டிசம்பரில் தெருவைப் புதுப்பித்து, கல் பாவி, விளக்குகள் வைத்துத் திறந்தார்கள். வாகனங்களுக்குத் தடை வந்தது. நடப்பவர்கள் களைத்தால் உட்கார இருக்கைகளும் வந்தன. மாலை நேரங்களில் குடும்பம் குடும்பமாக வந்து அமர்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். தெருவுக்கு வந்தவர்கள் உட்காரச் சட்டம் தேவைப்படவில்லை. தெருவில் வேலை செய்தவர்கள் உட்கார அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கோழிக்கோட்டுக்குப் போகிறவர்கள் குளத்தைப் பாருங்கள். பொற்றெக்காட்டின் சிலையைப் பாருங்கள். அல்வாவும் வாங்குங்கள், தேங்காய் எண்ணெய் ஊறிய கறுப்பு அல்வா நன்றாக இருக்கும். அப்படியே ஒரு துணிக்கடைக்குள் நுழைந்து, உங்களுக்குப் புடவை விரித்துக் காட்டும் பெண்ணின் பின்னால் இருக்கை இருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்காகக் கோழிக்கோடு வரைகூடப் போக வேண்டாம். அடுத்த முறை உங்கள் ஊர்க் கடைவீதியில் கால் வலிக்க ஏறி இறங்கி, நாற்பது புடவைகளைப் பிரித்துப் போட்டுவிட்டு, கடைக்காரர் நீட்டும் நாற்காலியில் உட்காரும்போது, எதிரே நிற்பவளையும் உட்காரச் சொல்லுங்கள். மேலாளர் முறைத்தால் 22-ஏ என்று சொல்லுங்கள்.