அடுப்படி மொழி ஏறிய மேடை

கிழக்கு ஐரோப்பிய யூத மக்கள் வழிபாட்டில் ஓதியது எபிரேய மொழி. வீட்டிலும் கடைத்தெருவிலும் பேசியது இத்திஷ். படித்தவர்கள் அதைக் கொச்சை என்று ஒதுக்கினர். பூரிம் திருநாளில் ஆடும் கூத்தைத் தவிர, அம்மொழியில் நிலையான நாடகக் குழு இருக்கவில்லை.

1876ஆம் ஆண்டில், ருமேனியாவின் யாசி நகரில், ஒரு மதுக்கடைத் தோட்டத்தில், ஆபிரகாம் கோல்ட்ஃபாடன் என்னும் கவிஞர் அக்குறையைத் தீர்த்தார். பாட்டும் கேலியும் கலந்த அவருடைய நாடகங்களைக் காண எளிய மக்கள் திரண்டனர். 1883இல் ருஷ்ய அரசு இத்திஷ் நாடகத்துக்குத் தடை விதித்தது. நடிகர்கள் ஓய்ந்தார்களா? ‘இது ஜெர்மன் நாடகம்’ என்று அறிவித்துவிட்டு ஆடினார்கள்! இரண்டும் உறவுடைய மொழிகள் அல்லவா? அந்தச் சாமர்த்தியத்தை நாம் மெச்சத்தான் வேண்டும். வேறு பலர் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் கப்பலேறினர்.

1911இல் ஓர் ஏழை நாடகக் குழு பிராக் நகரத்துக் காப்பிக்கடை ஒன்றில் ஆடியது. ஜெர்மன் மொழியில் எழுதிவந்த யூத எழுத்தாளர் பிரான்ஸ் காஃப்கா பல இரவுகள் சென்று பார்த்தார். 1912 பிப்ரவரியில், தம் நடிக நண்பருக்காகக் கூட்டிய நிகழ்ச்சியில், அந்நகரத்துப் படித்த யூதர்களிடம் அவர் சொன்னார்: நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே இத்திஷ் உங்களுக்குப் புரியும் என்று.