செஞ்சி அவையும் பதவி விலகலும்

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து நிற்கும் செஞ்சிக் கோட்டை, 2025ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அப்பட்டியலில் ஒருங்கே சேர்க்கப்பட்ட மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் தமிழகத்தைச் சேர்ந்தது இஃது ஒன்றே. செஞ்சி என்றதும் தேசிங்கு ராஜனின் வீரமே பலர் நெஞ்சில் எழும். ஆயினும் அவனுக்கு முன்பு ஏறத்தாழ எட்டாண்டுக் காலம் இக்கோட்டையில் அமைச்சர் அவை ஒன்று இருந்து மராட்டிய அரசை நடத்தியது. அங்கே இருக்கைகள் காலியான விதமும் அவற்றை நிரப்பிய விதமும், சங்கங்களும் மன்றங்களும் நடத்துவோர் எண்ணிப் பார்க்கத் தக்கவை.

1689இல் மராட்டிய மன்னர் சம்பாஜியை ஔரங்கசீப் கொல்வித்தார். தலைநகர் இராய்கட் அவ்வாண்டிலேயே வீழ்ந்தது. சம்பாஜியின் இளவல் இராஜாராம் மாறுவேடத்தில் தப்பி, தம் தந்தை சிவாஜி 1677இல் வென்றிருந்த செஞ்சியை அடைந்தார். அரசனையும் தலைநகரையும் ஒருசேர இழந்த அரசு அது. இராஜாராம் முதற்கண் மேற்கொண்ட பணிகளுள் ஒன்று, எண்மர் கொண்ட அட்டப்பிரதானர் அவையை மீண்டும் அமைத்ததாகும். காலியான பதவிகளுக்கு ஆட்கள் அமர்த்தப்பட்டனர். அவ்வெட்டுக்கும் மேலாகப் ‘பிரதிநிதி’ என்னும் புதிய பதவி ஒன்று தோற்றுவிக்கப்பட்டு, பிரகலாத நிராஜிக்கு வழங்கப்பட்டது. 1690இல் சுல்பிகர்கான் முற்றுகையைத் தொடங்கியபோது, எதிர்த்து நிற்க ஓர் அரசு இருந்தது.

முற்றுகைக் காலத்திலேயே பிரகலாத நிராஜி மறைந்தார். பதவி அவரோடு மறையவில்லை. அவர்க்குப் பின்னும் பிரதிநிதிகள் தொடர்ந்தனர். அரசாணைகளையும் கணக்குகளையும் சரிபார்க்கும் சசிவர் பதவியில் இருந்த சங்கராஜி மல்ஹார் என்பாரோ முற்றுகையின் நடுவே பொறுப்பைத் துறந்து காசிக்குச் சென்றுவிட்டார். அவ்விடத்தில் சங்கராஜி நாராயண் என்பார் அமர்த்தப்பட்டார். போர் அரசின் சசிவர் மரபு அவர் வழியே நெடுங்காலம் நிலைத்தது.

விலகிச் சென்றவரின் கதை அத்துடன் முடியவில்லை. இருபதாண்டுகளுக்கும் மேல் கழித்து, மொகலாயரின் தக்காண ஆளுநர் சையது உசேன் அலியின் பக்கம் நின்று மராட்டியரோடு உடன்பாடு பேச உதவியவர் அதே சங்கராஜி மல்ஹாரே. 1718இல் தொடங்கிய அப்பேச்சு, 1719இல் தக்காணத்தின் ஆறு மாகாணங்களில் சௌத் என்னும் வரி பெறும் உரிமையை மராட்டியர்க்கு ஈட்டித் தந்தது. பதவியை விட்டவர் பகைவராகிவிடவில்லை, பாலமானார்.

இதற்கு நேர்மாறானது தளபதி சந்தாஜி கோர்படேயின் வரலாறு. மன்னரோடு ஏற்பட்ட மனக்கசப்பு முற்றி, 1696இல் அவர் பதவி பறிக்கப்பட்டுத் தனாஜி ஜாதவுக்குத் தரப்பட்டது. மராட்டியத் தளபதிகள் இருவரும் விருத்தாசலம் அருகே ஒருவரோடொருவர் பொருதனர். 1697இல் சந்தாஜி கொல்லப்பட்டார். 1698இல் செஞ்சி மொகலாயர் வசமாயிற்று. வீழ்ச்சிக்கு இஃது ஒன்றே காரணம் எனல் மிகையாகும். எனினும் முற்றுகையிட்டோர் மீது பாய வேண்டிய படைகள் தம்முள் மோதியது அவ்வரசைத் தளர்த்தியது என்பதில் ஐயமில்லை.

மூன்று நிகழ்ச்சிகளிலும் காலியிடம் நிரப்பப்பட்டது. நிரப்பும் முறையோ மன்னர் மனத்தில் மட்டுமே இருந்தது. எழுதப்பட்ட விதி இருந்தால் என்ன ஆகும் என்பதைக் காண ஏழு நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கி உத்திரமேரூர் செல்ல வேண்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குவன என்பது பலரும் அறிந்ததே. வாரியத்தார் பதவி விடும் முறையையும் அவை கூறுகின்றன. பதவிக்காலம் 360 நாள். அது நிறைந்ததும் விலகிவிட வேண்டும். இடையே குற்றம் காணப்பட்டால் உடனே நீக்கப்பட வேண்டும். அடுத்து வாரியம் இடுவதற்குச் சபையைக் கூட்ட வேண்டியவர் யாவர் என்பதும் அங்கே குறிக்கப்பட்டுள்ளது. போவது விதிப்படியாதலின், போகிறவர்க்கு இழிவில்லை; வருகிறவர் மீது பழியில்லை.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, இவ்வழியிலேயே அமைந்தது. செயற்குழுவில் மூவர்க்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். பதவிக்காலம் மூன்றாண்டைத் தாண்டலாகாது. குழுவில் நேரும் மாற்றம் பதிவாளர்க்குத் தெரிவிக்கப்பட வேண்டும். விலகல் கடிதத்தை ஏற்பவர் யார், எஞ்சிய காலத்திற்கு ஆளைத் தேர்பவர் யார் என்பனவற்றை அந்தந்த அமைப்பின் துணைவிதிகளே தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நன்று. அதனை அமைதியான காலத்தில் எழுதிவிட வேண்டும். மனக்கசப்பு எழுந்தபின் எழுதும் விதி, ஒருவரைக் குறித்து எழுதியதாகவே தோன்றும்.

இலக்கிய அமைப்புகளைத் தாங்குவது ஊதியமன்று, அன்பு. ஆதலின் அங்கே ஒருவர் விலகும்போது நட்பும் உடன் விலகிவிடும் இடர் பெரிது. காலியான நாற்காலிக்கு விதி ஆள் தேடித் தரும். எழுந்து சென்றவர்க்குக் கேட்போர் வரிசையில் ஓர் இடம் வைத்திருப்பது உறுப்பினர்தம் பண்பு. சங்கராஜி மல்ஹார்கள் திரும்பி வருவது அவ்வழியாகத்தான்.