‘வேலைக்கு உதவாதவர்கள்’ காத்த உயிர்கள்

மயங்கிக் கிடப்பவரைத் தூக்கிச் செல்ல வண்டி வந்தால் மட்டும் போதாது. அதில் வருபவருக்கு உயிர்காக்கும் கல்வியும் இருக்க வேண்டும். இன்று எளிதாகத் தோன்றும் இவ்வுண்மையை உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டியவர்களுள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துக் கறுப்பின இளைஞர்கள் முன்வரிசையில் நிற்கின்றனர். கற்பித்தலைப் பணியாகக் கொண்ட நமக்கு அவர்களுடைய வரலாற்றில் பெரும் படிப்பினை உண்டு.

1960களில் அந்நகரின் நோயாளிகளைப் பெரும்பாலும் போலீஸ் வேன்களே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றன. காவலர்கள் முன்னே அமர்ந்திருக்க, நோயாளி பின்னே கவனிப்பாரின்றிக் கிடப்பார். கறுப்பின மக்கள் மிகுந்து வாழ்ந்த ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியினருக்கோ காவல்துறையை அழைப்பதே அச்சம் தருவதாக இருந்தது. 1966 நவம்பரில் மேடையில் சரிந்து விழுந்த முன்னாள் ஆளுநர் டேவிட் லாரன்ஸும் போலீஸ் வண்டியிலேயே கொண்டு செல்லப்பட்டார். அவர் மீண்டும் கண்விழிக்கவே இல்லை.

அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களுள் ஒருவர் வியன்னாவில் பிறந்த மருத்துவர் பீட்டர் சஃபார். வாயோடு வாய் வைத்து மூச்சு ஊட்டும் முறையின் பயனைச் சோதனைகள் மூலம் நிறுவியவர் அவர். அதே 1966இல் தம் இளம் மகளை ஆஸ்துமாவுக்குப் பறிகொடுத்திருந்தார். மருத்துவமனை வாசலுக்கு வருமுன் கிடைக்கும் கவனிப்பு எவ்வளவு இன்றியமையாதது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

1967இல் ஃபிரீடம் ஹவுஸ் என்னும் அமைப்போடு இணைந்து அவர் பயிற்சியைத் தொடங்கினார். சேர்ந்தவர்களுள் பலர் உயர்நிலைப் பள்ளியை முடிக்காதவர்கள். சிலர் வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள். ஊரார் அவர்களை ‘வேலைக்கு உதவாதவர்கள்’ என ஒதுக்கியிருந்தனர். சஃபாரோ அவர்களுக்காகப் பாடத்தின் தரத்தைக் குறைக்கவில்லை. உடற்கூறியல், இதய நுரையீரல் மீட்பு, செவிலியம், பாதுகாப்பாக வண்டி ஓட்டுதல் என ஏறத்தாழ 300 மணி நேரப் பயிற்சி தரப்பட்டது. பள்ளிக் கல்வியை விட்டவர்கள் அதற்கு இணையான சான்றிதழ் பெறவும் உதவி கிடைத்தது. தரத்தைத் தாழ்த்தாமல் மாணவரை உயர்த்துவதே உண்மையான பரிவு.

1968இல் வண்டிகள் ஓடத் தொடங்கின. முதலாண்டில் மட்டும் சுமார் 5,800 அழைப்புகளுக்கு அவர்கள் விரைந்தனர்.

1974இல் மருத்துவ இயக்குநராகப் பொறுப்பேற்ற நான்சி கரோலைன் வகுப்பறையோடு நின்றுவிடவில்லை. தாமும் வண்டியில் ஏறினார். மாணவர் செய்வதை அருகிருந்து கண்டு திருத்தினார். துணை மருத்துவர்களுக்கென அமெரிக்கா முழுமைக்கும் அவர் உருவாக்கிய பாடத்திட்டம் இந்த இளைஞர்களின் அனுபவத்தில் விளைந்ததாகும்.

ஆயினும் 1975 அக்டோபரில் நகர நிர்வாகம் சேவையைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. ஒன்றாக உழைத்த குழுக்கள் பிரிக்கப்பட்டன. அனுபவம் குறைந்த வெள்ளையர்கள் அவர்களுக்கு மேலே அமர்த்தப்பட்டனர். காலப்போக்கில் பலர் வெளியேறினர். உயிர்களைக் காத்த கைகள் வேறு பிழைப்பைத் தேடின. நாட்டுக்கே பாடமாக அமைந்தவர்களின் பெயர்கள் சொந்த ஊரிலேயே மறக்கப்பட்டன.

எனினும் அறிவின் தொடர் அறுந்துவிடவில்லை. மருத்துவமனை உதவியாளராக இருந்து ஃபிரீடம் ஹவுஸில் சேர்ந்த ஜான் மூன், அவமதிப்புகளைத் தாங்கி நிலைத்து நின்று, அந்நகர அவசர மருத்துவச் சேவையின் துணைத் தலைவராக உயர்ந்தார். அவர் சேர்த்து வளர்த்த அமேரா கில்கிறிஸ்ட் என்னும் கறுப்பினப் பெண்மணி 2023இல் அச்சேவையின் தலைவரானார். ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு இறங்கிவரும் ஸனதின் அருமை அறிந்த நமக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

மாணவர் என்பவர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நம் மஹல்லாவிலிருந்து ஓர் இளைஞர் ஆம்புலன்ஸ் பணிக்குப் பயிலச் செல்கிறார் என்றால், கட்டணத்தைக் கட்டியதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. பயிற்சிக் காலத்தில் அவருடைய வீட்டுச் செலவை யார் ஏற்கிறார்? விபத்தின் கோரத்தைக் கண்டு இரவில் உறக்கமின்றித் தவிப்பவரிடம் யார் பேசுகிறார்? வேலையில் அநீதி நேர்ந்தால் யார் உடன் நிற்கிறார்? பிட்ஸ்பர்க்கின் ஆசிரியர்கள் தம் மாணவர்களுக்குக் கற்பிக்கத் தவறவில்லை. கற்றவர்களைக் காக்கத்தான் அந்நகரம் தவறியது. அத்தவறு நம் மஹல்லாவில் நேராதிருக்கட்டும்.