தஞ்சாவூர் கலைக்கூடத்தின் நிலையான சேகரிப்பு

தஞ்சாவூர் அரண்மனையில், நாயக்கர் கட்டி மராத்தியர் ஆண்ட மண்டபங்களில் இயங்கும் சிற்பக் காட்சியகம் தஞ்சாவூர் கலைக்கூடம். அப்போதைய மாவட்ட ஆட்சியர் டி. கே. பழனியப்பனின் முயற்சியால் 1951இல் தோன்றியது. செல்வர் ஒருவர் ரசித்து ரசித்து வாங்கிச் சேர்த்த தொகுப்பு அன்று இது. பழைய தஞ்சை மாவட்டத்துக் கோயில்களிலிருந்து வந்த கற்சிலைகளும், மண்ணுக்கடியிலிருந்து கிடைத்துப் புதையல் சட்டப்படி அரசிடம் சேர்ந்த செப்புத் திருமேனிகளுமே இதன் முதல். இருப்பிடத்தை இழந்த சிலைகள் என்று சொன்னாலும் தவறில்லை.

சேகரிப்பின் உயிர் திருவெண்காட்டிலிருந்து வந்த சோழர் காலச் செப்புத் திருமேனிகள். மெழுகில் உருவம் பிடித்து, மேலே வண்டல் மண் பூசி, சூடேற்றி மெழுகை வெளியேற்றிவிட்டு அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பார்கள். மண்கூட்டை உடைத்தால்தான் சிலை வெளிவரும். அதனால் ஒரு வார்ப்புக்கு ஒரு சிலைதான்.

இவற்றுள் காளையை ஊர்தியாகக் கொண்ட சிவனான இடபவாகனர் தனித்து நிற்பவர். முதலாம் இராசராசனின் 26ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1011 அளவில், கோலக்கவன் என்பவர் இத்திருமேனியை எழுந்தருளுவித்ததைத் திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. உமையின் திருமேனி அடுத்த ஆண்டு வந்தது. கங்கையும் பிறையும் பளிச்சென்று தெரியும் வழக்கமான சடைமுடி இங்கே இல்லை. கூந்தலையே தலைப்பாகைபோல் சுற்றி, அதில் பாம்புகளைச் செருகியிருக்கிறார் சிற்பி. கால்மேல் கால் மாற்றி ஒயிலாக நிற்கும் சிவனின் ஒரு கை, தோழன் தோளில் போட்டதுபோல் காளையின்மேல் ஊன்ற வளைந்திருக்கிறது. காளை மட்டும் இல்லை. ஆனாலும் அதன் உயரத்தை அந்தக் கையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. உமையின் கையைப் பற்றிய கல்யாணசுந்தரரும், பிச்சைத்தேவரும் இதே ஊரிலிருந்து வந்தவர்களே. அவ்வூரின் அர்த்தநாரீசுவரர் மட்டும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டார்.

கற்சிலைகளில் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலிலிருந்து வந்தவற்றுக்கே முதலிடம். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யானையுரித்த பெருமான் சிற்பத்தில், உரித்த தோல் பின்னே விரிந்திருக்க, சிவன் உடலை முறுக்கி ஆடுகிறார். ஓரத்தில் குழந்தையை அணைத்தபடி அஞ்சி ஒதுங்குகிறாள் உமை.

தாராசுரத்திலிருந்தே வந்த இன்னொருவர் சோழநாட்டுக்காரரே அல்லர். முதலாம் இராசாதிராசன் மேலைச் சாளுக்கியரின் தலைநகரான கல்யாணபுரத்தை வென்று, வெற்றிச் சின்னமாகக் கொண்டுவந்த துவாரபாலகர் அவர். செய்தி அவர் பீடத்திலேயே தமிழில் பொறிக்கப்பட்டிருக்கிறது. தாராசுரம் கோயிலோ அந்த மன்னனுக்கு ஒரு நூற்றாண்டு பிந்தியது. ஆகவே வேறெங்கோ காவல் நின்றுவிட்டுத்தான் அங்கே வந்திருக்க வேண்டும். சோழநாட்டில் அவருக்கு மூன்றாவது இடம் இந்த அரண்மனை.

நாயக்கர் தர்பார் மண்டபத்தில் மன்னர் இரண்டாம் சரபோஜியின் வெள்ளைப் பளிங்குச் சிலை நிற்கிறது. ஆங்கிலேயச் சிற்பி ஒருவர் செதுக்கியது. அரண்மனைக் கோபுரத்தில் ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் உண்டு. கலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குழந்தைகளோடு வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது அதைத்தான்.