டிப்போர்ட்டேஷன்: தூக்கிப் போவதும் தள்ளிவிடுவதும்

ஆங்கிலத்தின் 'டிப்போர்ட்டேஷன்' லத்தீனிலிருந்து வந்தது. 'டே' என்றால் அப்பால், 'போர்த்தாரே' என்றால் சுமத்தல். இறக்குமதியைக் குறிக்கும் 'இம்போர்ட்'டுக்கும் சுமைதூக்குபவரான 'போர்ட்டரு'க்கும் இதே வேர்தான். ரோமச் சட்டத்தில் குடியுரிமையையும் சொத்தையும் பறித்து ஒருவரைத் தீவுக்கு அனுப்பும் தண்டனைக்கு இப்பெயர்.

ஜெர்மனியிலும் 'டெப்போர்த்தாட்சியோன்' உண்டு. ஆனால் அரசு அதைத் தொடுவதில்லை. 1941 அக்டோபர் 18 அன்று பெர்லினின் குரூனவால்ட் நிலையத்திலிருந்து யூதர்களை ஏற்றிச் சென்ற முதல் ரயிலின் நினைவு அதில் ஒட்டியிருக்கிறது. இன்றைய சட்டச் சொல் 'அப்ஷீபுங்'. 'ஷீபன்' என்றால் தள்ளுதல். தள்ளிவிடுதல் என்று நேராகவே சொல்லிவிடுகிறார்கள். அந்த மட்டில் நேர்மையான சொல். அகதிகள் வேறு வழியின்றிக் கிளம்புவதை மழுப்பிய 'விருப்பப் புறப்பாடு' என்ற தொடரோ, ஆண்டுதோறும் கண்டனத்துக்குரியதாகச் சுட்டப்படும் 'ஆகாச் சொல்'லாக 2006ஆம் ஆண்டுக்கு அங்கே தேர்வானது.

தமிழில் நாடுகடத்தல். 'கட' என்பதன் பிறவினை கடத்து. ஆள்கடத்தல், தங்கக் கடத்தல் எல்லாம் அதே கிளைதான். 2021 மார்ச் 30 அன்று ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் எதிர்ப்புக் குரல்களுக்கு நடுவே ஈழத்தமிழர் சிலர் விமானத்தில் ஏற்றப்பட்டனர். அவர்களும் அனுப்பப்பட்டது ஒரு தீவுக்குத்தான்.